முனிரத்னா பிசைந்த கடல்

முனிரத்னா கடலைப் பிசைந்தது ஒரு திங்கட்கிழமை காலை எட்டேகால் மணிக்கு. நிலக்கடலை இல்லை; அலையடிக்கிற, கப்பல் போகிற அசல் கடல். இரண்டு டம்ளர் மைதா, ஒரு டம்ளர் உப்பு, இரண்டு டம்ளர் தண்ணீர், இரண்டு கரண்டி எண்ணெய், அரை மூடி எலுமிச்சம்பழம், ஒரு சிட்டிகை நீலக் கலர் பவுடர். ஓசூரில் பாகலூர் ரோட்டுக்குப் பின்னால், ஒரு வாடகை வீட்டில் நடக்கிற ‘ப்ளூ வேல்’ ப்ளே ஸ்கூலின் சமையலறையில், ஒற்றை பர்னர் அடுப்பின் மேல் மகாசமுத்திரம் மெல்ல இறுகிக்கொண்டிருந்தது.

ஸ்கூலுக்கு நீலத் திமிங்கலத்தின் பெயரை வைத்தவர் அதன் உரிமையாளர் பிரியதர்ஷினி மேடம். ஓசூரில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலைப் பார்க்க ஆறேழு மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும். ஸ்கூலுக்குத் தண்ணீரே வாரத்துக்கு இரண்டு தடவை லாரியில்தான் வருகிறது. அதெல்லாம் மேடத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. முன்சுவரில் திமிங்கலம் வரையச் சொல்லி யானைகள் நடமாடுகிற சானமாவுக் காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெயின்டரைக் கூட்டி வந்தார். அந்த மனிதர் பாவம், பெரிய உருவம் என்று பார்த்ததெல்லாம் யானைதான். காலை எடுத்துவிட்டு, வாலைக் கொஞ்சம் அகலமாக்கி, நீலம் பூசிவிட்டுப் போனார். காதைக்கூட மறக்கவில்லை.

போன வருஷம் வரை இந்த விளையாட்டு மாவைப் பிசைவதும் சுவேதா டீச்சரிடம்தான் இருந்தது. அவர் செய்த கடல் பிள்ளைகளின் கையோடு வீட்டுக்குப் போய் சோபாவில் ஒட்டிக்கொண்டது. முனிரத்னா கேழ்வரகுக் களி கிண்டி வளர்ந்தவள். பாத்திரத்தின் ஓரத்தை விட்டு மாவு எப்போது கழன்று வரும், சூட்டோடு எடுத்து ஈரக் கையால் எப்படி அழுத்த வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குப் புத்தகம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. அவள் பிசைந்த கடல் கையில் ஒட்டாது, வெடிக்காது, பத்து நாள் ஆனாலும் காயாது. களியோடு ஒப்பிட்டால் அதில் ஒரே குறை, தின்ன முடியாது. அதையும் கோபி என்கிற நாலு வயதுப் பையன் தின்று பார்த்துத்தான் முடிவு செய்தான்.

முனிரத்னா அங்கே ஆயா. வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் பதினாலு வருஷம் ஒரு பிரேக் கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் டேபிளில் உட்கார்ந்திருந்தாள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து கல்யாணமாகி ஓசூருக்கு வந்தவள், ஒரு நாளைக்கு இரண்டாயிரம் பீஸைக் கையில் எடுத்துப் பார்த்து, நல்லதைப் பச்சை ட்ரேயிலும் கெட்டதைச் சிவப்பு ட்ரேயிலும் போட்டாள். அவள் ஓகே செய்த ஒரு பீஸ்கூடத் திரும்பி வந்ததில்லை. கான்ட்ராக்டர் நாலு தடவை மாறினார். அவள் கழுத்து ஐடி கார்டும் நாலு தடவை மாறியது. கார்டில் கான்ட்ராக்டர் பெயர் பெரிதாகவும் அவள் பெயர் சிறிதாகவும் இருக்கும். ஐந்தாவது தடவை மாறி வந்தவர் கொண்டுவந்த பட்டியலில் அவள் பெயர் சிறிதாகக்கூட இல்லை.

ஓசூரில் மனிதர்கள் இரண்டே வகை. பர்மனென்ட், கான்ட்ராக்ட். மாப்பிள்ளை பார்க்கப் போனால் நட்சத்திரம் என்ன என்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்பார்கள். பையன் பர்மனென்ட் என்றால் ஜாதகத்தில் இருக்கிற தோஷமெல்லாம் தானாக விலகிவிடும். முனிரத்னா அந்தச் சொல்லுக்காகப் பதினாலு வருஷம் காத்திருந்தாள். அது வரவில்லை. அதனால்தான், போன வெள்ளிக்கிழமை சுவேதா டீச்சர் வேறு ஸ்கூலுக்குப் போய்விட, பிரியதர்ஷினி மேடம் கூப்பிட்டுப் பேசியபோது அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

“முனிரத்னா, வர்ற வாரம் ஓஷன் வீக். ப்ளே டோ ஆக்டிவிட்டி முழுசும் நீங்களே பாத்துக்கோங்க. சனிக்கிழமை பேரண்ட்ஸ் வருவாங்க. நல்லபடியா போச்சுன்னா உங்களையே ஆக்டிவிட்டி டீச்சரா பர்மனென்ட்டா போட்டுடலாம்.”

“நெசமாவா மேடம்?”

“நெசம்தான். இந்தாங்க ஷீட்டு. இதுல இருக்கிற படமெல்லாம் சும்மா ஒரு ரெஃபரன்ஸுக்கு. குழந்தைங்களோட கற்பனைக்கு விட்டுடணும், அதுதான் முக்கியம்.”

வினை இங்கேதான் ஆரம்பித்தது. மேடம் சொன்னதில் கடைசி வாக்கியம் முனிரத்னாவின் காதுக்குள் போகவே இல்லை. அதற்கு முன்னால் வந்த ‘ரெஃபரன்ஸ்’ கதவை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. மேடத்துக்கு ரெஃபரன்ஸ் என்றால் சும்மா ஒரு பார்வைக்கு. கம்பெனியில் பழகியவளுக்கு ரெஃபரன்ஸ் பீஸ் என்றால் வேறு. மேனேஜர் கையெழுத்துப் போட்டு, கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார்கள். மற்ற எல்லா பீஸும் அதைப் போலவே இருக்க வேண்டும். அரை மயிரிழை மாறினாலும் சிவப்பு ட்ரேதான்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் முனிரத்னா வீட்டில் உட்கார்ந்து ஷீட்டைப் பார்த்து ரெஃபரன்ஸ் பீஸ் செய்தாள். எட்டுக் கால் ஆக்டோபஸ் ஒன்று, ஐந்து முனை நட்சத்திர மீன் ஒன்று, ஆமை, நண்டு, சாதா மீன். கடலை அவள் நேரில் பார்த்ததில்லை. அவள் பார்த்த பெரிய தண்ணீர் கெலவரப்பள்ளி அணைதான். புருஷன் ஆஞ்சப்பன், லோடு டெம்போ ஓட்டுகிறவன், எட்டிப் பார்த்தான்.

“இன்னாது இது, சிலந்தியா?”

“ஆக்டோபஸ்யா. கடல்ல இருக்கும்.”

“இத்தினி காலு வெச்சிகினு அது எங்க போவுது?”

“எங்கயும் போவாது. சும்மா இரு, கால எண்ணிகினு இருக்கறன்.”

திங்கட்கிழமை பதினாறு பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு சின்ன டப்பாவில் ஒரு உருண்டை கடல் கொடுக்கப்பட்டது. முனிரத்னா கண்ணாடி மூடி போட்ட டப்பாவைத் திறந்து ரெஃபரன்ஸ் பீஸ்களைக் காட்டிவிட்டு மறுபடி மூடினாள். பக்கத்தில் பச்சை ட்ரே ஒன்று, சிவப்பு ட்ரே ஒன்று. பிள்ளைகள் செய்து கொண்டுவந்ததை வாங்கி ஆக்டோபஸ் காலை விரலால் தொட்டு எண்ணினாள். அவள் வீட்டில் தெலுங்கு. எண்ணிக்கை மட்டும் எந்த ஊரில் வேலை செய்தாலும் தெலுங்கில்தான் வரும்.

“ஒகட்டி, ரெண்டு, மூடு...”

‘மூடு’ என்றதும் பதினாறு பிள்ளைகளும் சொன்ன பேச்சு கேட்டு மாவு டப்பாவை மூடிக்கொண்டன. இரண்டு பேர் கண்ணையும் மூடிக்கொண்டார்கள். அடுத்த ஆக்டோபஸ் வந்தது, மறுபடி மூடு வந்தது, மறுபடி டப்பா மூடியது. அன்றைக்கு வகுப்பு முழுக்கத் திறந்து மூடியே கழிந்தது. முனிரத்னா இது ஏன் என்று கடைசி வரை புரியாமல், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் அதிகம் என்று மனசுக்குள் பாராட்டிக்கொண்டாள்.

பிள்ளைகளுக்கும் கடலைப் பற்றிச் சொந்த அபிப்பிராயங்கள் இருந்தன. தண்ணீர் என்றால் மேலே வெள்ளையாக நுரை நிற்க வேண்டும், கம்பெனிக் கழிவு சேர்கிற அணையில் அப்படித்தான் நிற்கிறது என்று நாலைந்து பேர் பிடிவாதம் பிடித்தார்கள். ஷீட்டில் நுரை இல்லை; ஆகையால் நுரை ரிஜெக்ட். கோபி கடலுக்குள் ஒரு யானையை இறக்கினான்.

“யானை எங்கடா கடல்ல வந்துது?”

“தண்ணி குடிக்க வந்துது ஆயா.”

“உப்புத் தண்ணிய யானை குடிக்காது.”

“நான் குடிச்சிப் பாத்தன். அதுகிட்ட சொல்லிட்டன். இப்ப திரும்பிப் போவுது.”

யானையும் சிவப்பு ட்ரேக்குப் போனது.

புதன்கிழமைக்குள் பிள்ளைகள் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா அம்மா கம்பெனியிலிருந்து கொண்டுவந்த சொற்கள் எல்லா வீட்டிலும் கிடக்கின்றன. ஒரு பெண் உடம்பு உருட்டினாள், அடுத்தவள் வால் ஒட்டினாள், மூன்றாமவன் கண் குத்தினான். மீன் பாயின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கைமாறி நகர்ந்தது. ஒருவன் வாசலில் செக்யூரிட்டியாகி எல்லோருடைய பையையும் சோதித்தான். இன்னொருத்தி கேன்டீன் திறந்து நீல இட்லி வைத்தாள். “ரீவொர்க்! ரீவொர்க்!” என்று கத்திக்கொண்டு ஒருவன் நண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கற்பனைக்கு விட வேண்டும் என்று மேடம் சொன்னார் அல்லவா, பிள்ளைகள் கற்பனை செய்தே விட்டார்கள். அவர்கள் கற்பனை செய்தது கடலை இல்லை, சிப்காட்டை.

மேடம் எட்டிப் பார்த்தபோது அவருக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்பே பழக்கதோஷத்தில் வீடியோ எடுத்து பேரண்ட்ஸ் குரூப்பில் போட்டுவிட்டிருந்தார். திட்டுவதற்கு வாயைத் திறப்பதற்குள் போனில் கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. ‘ஜீரோ டிஃபெக்ட் ஓஷன்!’ என்று ஒரு அப்பா எழுதினார். ‘இந்த வயசிலேயே குவாலிட்டி, சூப்பர்’ என்று இன்னொருவர். மேடம் வாயை மூடிக்கொண்டு, முனிரத்னாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் முனிரத்னா ஆஞ்சப்பனிடம், ஐடி கார்டுக்குப் போட்டோ எடுக்க எந்தப் புடவை நல்லா இருக்கும் என்று கேட்டாள்.

யுவஸ்ரீ விஷயம் மட்டும்தான் இடறியது. நாலு வயது. பேசவே மாட்டாள். வியாழக்கிழமை அவள் கொண்டுவந்த ஆக்டோபஸ்ஸுக்கு ஆறு கால்தான். முனிரத்னா அதட்டவில்லை.

“எட்டு காலு வேணும் கண்ணு. இன்னும் ரெண்டு வெச்சிகினு வா.”

யுவஸ்ரீ தலையாட்டினாள். அரை மணி நேரம் உருட்டினாள். திரும்பக் கொண்டுவந்ததில் ஆறு. வெள்ளிக்கிழமை மறுபடி ஆறு. மற்ற பிள்ளைகள் ரிஜெக்ட் என்றால் உதட்டைப் பிதுக்கும். இவள் தானே சிவப்பு ட்ரேயில் ஆக்டோபஸ்ஸை மெதுவாக வைத்து, தன் கைக்குட்டையை எடுத்து அதன் மேல் மூடிவிட்டாள். வெட்கப்பட்டு மறைக்கிறாள் என்று முனிரத்னா நினைத்தாள். கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்க்கிற இன்ஸ்பெக்டர் பதினாலு வருஷம் டேபிளில் உட்கார்ந்திருக்க முடியுமா?

சனிக்கிழமை காலை ஸ்கூல் ஜொலித்தது. நீலத் துணி விரித்த மேஜையில் பச்சை ட்ரேயின் சரக்கு வரிசையாக நின்றது. எல்லா மீனும் ஒரே பக்கம் பார்த்தன, எல்லா ஆமையும் ஒரே அளவு. சிவப்பு ட்ரேயை முனிரத்னா மேஜைக்கடியில் தள்ளப் போனாள். மேடம் தடுத்து, அதுவும் மேலேயே இருக்கட்டும் என்றார்.

முதலில் வந்தவர் கோபியின் அப்பா கமலக்கண்ணன். ஒரு கம்பெனியில் குவாலிட்டி மேனேஜர். ஆக்டோபஸ் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ரிஜெக்ஷன் எவ்வளவு பர்சென்ட்?”

“பதினொண்ணு சார்.”

“என் லைன்லயே இப்படி ஒரு கன்ட்ரோல் கிடையாதுங்க மேடம்!” என்றார் பிரியதர்ஷினியிடம். அப்புறம் சிவப்பு ட்ரேயில் மகன் பெயர் எழுதிய யானையைப் பார்த்துவிட்டார். முகம் சுருங்கியது. “என்னடா இது? ஓஷன்ல எலிஃபன்ட்? எல்லாரும் சரியா செஞ்சிருக்காங்க, உனக்கு மட்டும் என்ன?”

வாரம் முழுக்க எதற்கும் அசராத கோபி தலையைக் குனிந்துகொண்டான். அவன் காது மடல் சிவந்ததை முனிரத்னா பார்த்தாள். மேஜைத் துணியின் சுருக்கத்தைச் சரி செய்தாள்.

பத்தரை மணிக்கு யுவஸ்ரீயின் அப்பா வெங்கட் வந்தான். நைட் ஷிஃப்ட் முடிந்தும் படுக்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். யூனிஃபார்ம் சட்டையில் கான்ட்ராக்டர் பெயர் இருந்தது. கண் இரண்டும் மிளகாய்ப் பழமாக இருந்தது. அவன் மனைவி போன் கம்பெனியில் காலை ஷிஃப்ட். இவன் வீடு சேரும்போது அவள் கிளம்பியிருப்பாள். மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பான். அவன் பச்சை வரிசையில் மகள் பெயரை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை தேடினான். மறுபடியும் தேடினான்.

“எங்க பாப்பாது இல்லீங்களா?”

முனிரத்னா சிவப்பு ட்ரேயைக் காட்டினாள். “எட்டு காலு இருக்கணும் சார். ஆறுதான் இருக்குது. மூணு தடவ சொன்னன்.”

வெங்கட் சண்டை போடவில்லை. ரிஜெக்ட் என்றால் தலையாட்டிப் பழகிய ஆள். “சரிங்க. வீட்ல சொல்லித் தரன்,” என்றான்.

“எட்டு இருக்குது,” என்றது ஒரு குரல்.

யுவஸ்ரீ பேசினாள் என்பதே யாருக்கும் உடனே உறைக்கவில்லை. அவள் அப்பாவின் காலுக்குப் பின்னாலிருந்து வந்து கைக்குட்டையை எடுத்தாள். ஆக்டோபஸ்ஸை இரண்டு கையாலும் தூக்கித் திருப்பிக் காட்டினாள். அடிவயிற்றில், மடக்கி, ஒட்டிக்கொண்டு இரண்டு கால்கள் இருந்தன.

“இது ரெண்டும் தூங்குது. நைட் ஷிஃப்ட்டு.” குரலை இன்னும் தாழ்த்தினாள். “கத்தக் கூடாது. எழுந்துக்கும்.”

வெங்கட் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தான், முடியவில்லை. “கத்தலம்மா,” என்றான், மகளைவிடச் சின்னக் குரலில்.

முனிரத்னாவுக்கு அவமானமாக இருந்தது. இன்ஸ்பெக்ஷனில் முதல் நாள் சொல்லித் தருகிற முதல் பாடம், பீஸைத் திருப்பிப் பார் என்பது. பதினாலு வருஷம் ஒரு பீஸைக்கூட அவள் திருப்பிப் பார்க்காமல் விட்டதில்லை. இரும்பைத் திருப்பிப் பார்த்தவள் ஒரு குழந்தை மூன்று தடவை கொண்டுவந்ததை மூன்று தடவையும் மேலோடு பார்த்துத் தள்ளியிருக்கிறாள்.

“என் தப்புதான்,” என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். “நான் திருப்பிப் பாக்கல.”

ஆக்டோபஸ்ஸை வாங்கி, தூங்குகிற கால்கள் அடியில் இருக்கும்படி பச்சைப் பக்கம் வைத்தாள். கை அதோடு நிற்கவில்லை. யானையை எடுத்து வைத்தாள். நுரையை அள்ளி வைத்தாள். சிவப்பு ட்ரே காலியானது. ஒழுங்காக நின்ற கடல், சனிக்கிழமை சந்தை மாதிரி ஆகிவிட்டது. கமலக்கண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

“என்னம்மா இது, எல்லாத்தையும் ஓகே பண்ணிட்டா ஸ்டாண்டர்டு என்ன ஆவுறது?”

“ட்ராயிங்க வெச்சிதான சார் செக் பண்ணுவோம்? ட்ராயிங்கு அந்தப் பசங்ககிட்ட இருக்குது. நம்மகிட்ட இல்ல.”

பீஸின் அளவெல்லாம் வரைந்த ட்ராயிங் இல்லாமல் செக் பண்ணக் கூடாது என்று கமலக்கண்ணனே எத்தனை பேருக்கு மெமோ கொடுத்திருப்பார்! கோபி அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து யானையிடம் கூட்டிப் போனான். அது உப்புத் தண்ணீர் பிடிக்காமல் திரும்பிப் போகிற கதையை முதலிலிருந்து ஆரம்பித்தான்.

எல்லாரும் போன பிறகு மேடம் முனிரத்னாவை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். கோபம் இல்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். ஒன்றரை வருஷத்தில் அந்த நாற்காலியைத் துடைத்திருக்கிறாளே தவிர உட்கார்ந்ததில்லை.

“கடைசில கொஞ்சம் எமோஷனல் ஆயிட்டீங்க, பரவால்ல. பேரண்ட்ஸுக்கு அந்தப் பச்சை சிவப்பு சிஸ்டம் ரொம்பப் பிடிச்சிருக்கு. யார் குழந்தை எத்தனை ஓகே, எத்தனை ரிஜெக்ட், வாராவாரம் ரிப்போர்ட்டா கேக்கறாங்க. அடுத்தது ஸ்பேஸ் வீக். நீங்க இதே மாதிரி பண்ணுங்க. திங்கட்கிழமையே ஆர்டர் கொடுத்துடறேன். ஆக்டிவிட்டி டீச்சர், பர்மனென்ட்.”

கடவுள் எதிரில் வந்து நின்று வரம் கொடுக்கும்போது கூடவே ஒரு நிபந்தனையும் வைப்பார் போலும். முனிரத்னாவுக்கு அந்த வேலை வேண்டும். கார்டில் அவள் பெயர் பெரிதாக வர வேண்டும். கோபியின் குனிந்த தலை கண்ணுக்குள் நின்றது. ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் போதும், தலையை ஆட்டினால் போதும்.

“செகப்பு ட்ரே வேணாம் மேடம். மாவு பெசையறன், கூட உக்காந்து உருட்டறன், எல்லாம் செய்யறன். ரிஜெக்ட் மட்டும் என்னால ஆவாது.”

“அதுதாங்க வேலையே!”

“அப்ப ஆவாது மேடம்.”

மேடத்துக்கு இப்போது கோபம் வந்தது. ஆயாவுக்கு நாற்காலி கொடுத்தால் இதுதான் நடக்கும் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. “ஒரு நல்ல சான்ஸ் கொடுத்தா வேணாங்கறீங்க. சரி. அப்படின்னா நீங்க இந்த ஸ்கூல்ல பர்மனென்ட்டா ஆயாதான், தெரிஞ்சுக்கோங்க!”

எழுந்து வாசல் வரை போன முனிரத்னா நின்றாள்.

“என்னா சொன்னீங்க மேடம்?”

“பர்மனென்ட்டா ஆயாதான்னு சொன்னேன்!”

“சரிங்க மேடம்.”

அது திட்டு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ராயக்கோட்டை ரோடு வரும்வரை அழுதாள். பக்கத்தில் இருந்த அம்மாள் கன்னடத்தில் என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லும்போது முனிரத்னாவுக்கு ஏனோ சிரிப்பு வந்துவிட்டது. வீட்டு வாசலில் ஆஞ்சப்பன் டெம்போ டயருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான்.

“யோவ், பர்மனென்ட் ஆயிட்டன்.”

அவன் தண்ணீர் டியூபைக் கீழே போட்டான். “டீச்சராவா?”

“ஆயாவா.”

ஆஞ்சப்பன் போய்க் குழாயை மூடிவிட்டு வந்தான். “பர்மனென்ட்டுன்னு அவங்க வாயாலயே சொன்னாங்களா?”

“ரெண்டு தடவ.”

கம்பெனியில் பர்மனென்ட் ஆனவன் லைன் முழுக்க ஸ்வீட் கொடுக்க வேண்டும் என்பது இந்த ஊர் வழக்கம். பதினாலு வருஷம் அடுத்தவர்களின் ஸ்வீட்டை வாங்கித் தின்றவளுக்கு அது தெரியாதா? திங்கட்கிழமை காலை முனிரத்னா ஒரு கிலோ மைசூர் பாக்கோடு வந்தாள். பதினாறு பிள்ளைகளுக்கும் கொடுத்தாள். யுவஸ்ரீ இரண்டு துண்டு கேட்டாள், ஒன்று தூங்குகிறவருக்கு. கடைசியில் டப்பாவை ஆபீஸ் அறைக்குக் கொண்டுபோய் மேடத்திடம் நீட்டினாள். போனில் பேசிக்கொண்டே மேடம் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, என்ன விசேஷம் என்று கையால் கேட்டார்.

“நான் பர்மனென்ட் ஆனதுக்கு மேடம்,” என்றாள் முனிரத்னா. மேடம் மென்று விழுங்கும்வரை அங்கேயே நின்றாள். அப்புறம் மாவு கிண்ட சமையலறைக்குப் போனாள்.